கல்லும் கல்லான உயிரும்

(சங்கத்தின் வெள்ளி விழாவையொட்டி நடைபெற்ற இளைஞர் கருத்தரங்கில் அரசுப் பள்ளித் தலைமையாசிரியர் ஒருவர் ஆற்றிய உரை)



வெள்ளி விழா மேடையில் கல்லைப் பற்றியா பேசுவது என்று சிலர் எண்ணக்கூடும். காரணம் உண்டு. நாம் வாழும் இந்த அரியலூர், பெரம்பலூர் வட்டாரத்துக் கற்களைத் தேடி உலகின் பல நாடுகளிலிருந்தும் அறிஞர்கள் வருகின்றனர். அக்கற்களை நாள்தோறும் தொட்டுப் புழங்குபவர்களோ நம் மக்கள். சுண்ணாம்புக்கல் சுரங்கத்தில் பாறை உடைப்பவரும், ஏரி குளங்களில் மண் வெட்டுபவரும், ஓடைக்கரையில் ஆடு மேய்ப்பவரும் பெரும்பாலும் நம்மவரே. மண்ணுக்குள் இருப்பதை முதலில் காணும் கண் நம்முடையது. கண்டது இன்னதென்று கூறும் உரிமை மட்டும் இதுவரை பிறரிடம் இருந்து வந்திருக்கிறது. அந்த உரிமையை நாம் பெறுவதற்கு வழி ஒன்றே. கண்டதைச் சோதித்து அறியக் கற்றுக்கொள்வது.

மற்றொரு காரணமும் உண்டு. உருண்டையான கல் ஒன்று கிடைத்தால் அது டைனோசர் முட்டை என்றும், அதற்கு இலட்சக்கணக்கில் விலை உண்டு என்றும் கைப்பேசியில் செய்தி பரவுகிறது. அதை நம்பிக் கூலி வேலையை விட்டுவிட்டு ஓடை ஓடையாக அலைந்த இளைஞர்களை நாம் கண்டிருக்கிறோம். இரிடியம் என்றும், கலசம் என்றும் கூறி ஏழைகளிடம் முன்பணம் பறிக்கும் கூட்டம் நாட்டில் உண்டு என்பதை நீங்கள் அறிவீர்கள். அக்கூட்டம் நாளை முட்டைக்கல் வடிவில் நம் தெருவிற்கு வராது என்பதற்கு உறுதி இல்லை. அறியாமைக்கு நாம் செலுத்தும் வரி போதும்.

இரண்டு ஊர்கள், இரண்டு கற்கள்

இரண்டு உண்மை நிகழ்ச்சிகளை முதலில் கூறுகிறோம்.

2020ஆம் ஆண்டு அக்டோபர்த் திங்களில், பெரம்பலூர் மாவட்டம் குன்னத்தில், நீர்நிலை ஒன்றில் மண் எடுத்தபோது பெரிய பெரிய உருண்டைக் கற்கள் வெளிப்பட்டன. அவை டைனோசர் முட்டைகள் என்று படங்களுடன் செய்தி பரவிற்று. வல்லுநர்கள் நேரில் வந்து பார்த்தனர். அவை முட்டைகள் அல்ல. அம்மோனைட் என்னும் பழங்காலக் கடலுயிரின் எச்சத்தைச் சுற்றி வண்டல் திரண்டு இறுகியதால் உண்டான உருண்டைகள் என்று தெளிவுபடுத்தினர்.

மத்தியப் பிரதேசத்துத் தார் மாவட்டத்தில் பாட்லியா என்று ஓர் ஊர். அங்குள்ள உழவர்கள் நிலத்தில் கிடைத்த உருண்டைக் கற்களைக் குலதெய்வமாக வைத்துத் தலைமுறை தலைமுறையாய் வழிபட்டு வந்தனர். 2023ஆம் ஆண்டு இறுதியில், லக்னோவிலுள்ள பீர்பால் சாஹ்னி தொல்லுயிரியல் நிறுவனத்தார் உள்ளிட்ட ஆய்வாளர்கள் அவற்றைக் கண்டு, அவை மெய்யாகவே டைனோசர் முட்டைகள் என்று கூறினர்.

முட்டை என்று ஊரே கூறியது முட்டை அன்று. முட்டை என்று எவரும் எண்ணாதது முட்டையாக இருந்தது. இரண்டும் உருண்டை, இரண்டும் கல். அப்படியானால் எதைக் கொண்டு வேறுபடுத்தினர்? அதுவே இன்றைய உரையின் பொருள்.

புதைபடிவம் என்பது யாது?

ஃபாசில் என்று வழங்கும் புதைபடிவம் என்பது பழங்கால உயிர் ஒன்று பாறையில் விட்டுச்சென்ற எச்சம் அல்லது தடயம். ஓர் உயிர் இறந்ததும் அதன் தசை அழுகிப்போகும். ஓடு, எலும்பு, பல், மரம் போன்ற கடினமான பகுதிகள் விரைவாகச் சேற்றிலோ மணலிலோ புதையுண்டால் அழியாமல் நிற்க வாய்ப்பு உண்டு. மேன்மேலும் வண்டல் படிய, கீழே உள்ளது இறுகிப் பாறையாகிறது. நிலத்தடி நீர் சுண்ணாம்பையும் சிலிக்காவையும் கரைத்துக் கொண்டுவந்து ஓட்டின் நுண்துளைகளில் நிரப்புகிறது. சில வேளைகளில் பழைய பொருளைச் சிறிது சிறிதாக அகற்றித் தான் அவ்விடத்தில் அமர்கிறது. பொருள் மாறினாலும் அமைப்பு மாறுவதில்லை. மரம் கல்லான பின்னும் அதன் வளையங்கள் தெரிவது இதனால்தான்.

ஓடு முற்றிலும் கரைந்துபோய் அதன் அச்சு மட்டும் பாறையில் எஞ்சுவதும் உண்டு. உயிரின் உடல் எதுவும் இல்லாமல், அது நடந்த அடித்தடமோ, துளைத்த வளையோ மட்டும் எஞ்சுவதும் உண்டு. இவையும் புதைபடிவங்களே.

இவ்வட்டாரத்தின் வரலாற்றையும் சேர்த்து அறிக. சுமார் 11 கோடி ஆண்டுகளுக்கு முன்பு கிரெட்டேசியஸ் காலத்தில் கடல் இங்கு உட்புகுந்தது. பல முறை முன்னேறியும் பின்வாங்கியும் படிவுகளை விட்டுச் சென்றது. ஊட்டத்தூர், காரை, காருடமங்கலம், அரியலூர் எனும் ஊர்ப் பெயர்கள் நமக்குப் பேருந்து நிறுத்தங்கள். நிலவியல் நூல்களிலோ அவை அப்பாறை அடுக்குகளின் பெயர்கள். இங்கும் புதுச்சேரியிலும் கேய், கன்லிஃப் என்னும் ஆங்கில அலுவலர்கள் திரட்டிய படிவங்களை எட்வர்டு ஃபோர்ப்ஸ் என்னும் அறிஞர் 1846இல் விவரித்தார். பின்னர் பிளான்ஃபோர்டு பாறை அடுக்குகளை அளந்து எழுத, ஸ்டோலிஸ்கா இங்குள்ள சிப்பி, நத்தை, அம்மோனைட் வகைகளை விரிவாக ஆராய்ந்து வெளியிட்டார். கூடைகளைச் சுமந்தவர்கள், வழி காட்டியவர்கள், குழி தோண்டியவர்கள் யார் என்பதை அந்நூல்கள் தலைப்பில் போடவில்லை.

கல் ஏன் உயிரைப் போல் தோன்றுகிறது?

மனிதக் கண் உருவங்களைத் தேடும் இயல்புடையது. மேகத்தில் யானையைக் காண்கிறோம். சுவர்க் கறையில் முகத்தைக் காண்கிறோம். கல்லிலும் அவ்வாறே. கல்லும் தன் பங்கிற்குச் சில இயற்கைச் செயல்களால் உயிரின் வடிவத்தைப் போலி செய்கிறது. நம் வட்டாரத்தில் காணக்கூடிய போலிகள் சிலவற்றைக் கூறுவோம்.

முதலாவது உருண்டைக் கல். வண்டலுக்குள் ஒரு சிப்பித் துண்டோ, சருகோ கிடக்கிறது. நிலத்தடி நீரிலுள்ள சுண்ணாம்போ இரும்போ அதைச் சுற்றிப் படிகிறது. எல்லாப் பக்கமும் ஒரே அளவில் வளர்வதால் உருண்டையாகிறது. சுற்றியுள்ள மென்மண் மழையில் கரைந்துபோக, இறுகிய உருண்டை மட்டும் வெளியே துருத்தி நிற்கிறது. முட்டை, தேங்காய், பீரங்கிக் குண்டு என்று மக்கள் கூறுவனவெல்லாம் பெரும்பாலும் இவ்வகையே. உருண்டை சுருங்கி வெடித்து, வெடிப்பில் வெண்சுண்ணாம்பு நிரம்பினால் ஆமை ஓடு போலத் தோன்றும். அதுவும் ஆமை அன்று.

இரண்டாவது இலைக்கோலம். கல்லைப் பிளந்தால் உள்ளே கறுப்பு நிறத்தில் அழகிய பெரணிச் செடி ஒன்று வரைந்தாற்போல் இருக்கும். அது செடி அன்று. மாங்கனீசும் இரும்பும் கரைந்த நீர் பாறையின் மெல்லிய வெடிப்பில் ஊர்ந்து, கிளை கிளையாய்ப் படிந்த கறை அது. மெய்யான பெரணியில் நடுநரம்பு உண்டு. இருபுறமும் ஒழுங்கான சிற்றிலைகள் உண்டு. ஒவ்வொன்றிலும் நரம்போட்டம் உண்டு. கறைக்கோலத்தில் நரம்பும் இல்லை, இலையும் இல்லை. வெடிப்பின் விளிம்பிலிருந்து உள்நோக்கிப் பரவும் கிளைகள் மட்டுமே உண்டு.

மூன்றாவது சுக்கான் கல். செம்மண்ணிலும் கரிசலிலும் சுண்ணாம்பு திரண்டு உண்டாகும் இக்கல் முட்டும் முடிச்சுமாய், விரல் போலவும் எலும்பு மூட்டுப் போலவும் கிடைக்கும். செடியின் வேரைச் சுற்றித் திரண்டதாயின் நீண்ட குழல் எலும்பு போலவே தோன்றி ஏமாற்றும்.

நான்காவது நிறப்பட்டைகள். மணற்கல்லில் இரும்புத் துரு வளையம் வளையமாய்ப் படிந்து மரத்தின் வளையத்தை ஒத்திருக்கும். காரைப் பகுதியின் களிமண்ணில் கிடைக்கும் ஜிப்சமோ நார் நாராய்ப் பிளந்து மரச்சிராயை நினைவூட்டும்.

ஐந்தாவது பாதக்குழி. கருங்கல் பாறையில் மழைநீர் தேங்கித் தேங்கி அரித்த பள்ளம் காலடி போல் அமைவது உண்டு. அதன்மேல் மக்கள் கொண்டுள்ள நம்பிக்கை குறித்து வழக்காட நாம் வரவில்லை. பாறையைப் பற்றி மட்டும் கூறுகிறோம். அப்பாறை பூமியின் ஆழத்தில் பெருவெப்பத்தில் உருவானது. எந்த உயிரும் கால் வைக்கக்கூடிய சேறாக அஃது ஒருபோதும் இருந்ததில்லை.

கல்லிடம் கேட்கவேண்டிய ஐந்து கேள்விகள்

தம்பி தங்கையரே! ஒரு கல் கையில் கிடைத்ததும் "இது எதைப் போல் இருக்கிறது?" என்று கேட்காதீர்கள். அக்கேள்விக்குக் கண் எப்போதும் ஏதேனும் ஒரு விடை சொல்லிவிடும். பின்வரும் ஐந்து கேள்விகளைக் கேளுங்கள்.

முதற்கேள்வி: எங்கே கிடைத்தது? புதைபடிவங்கள் மணற்கல், களிக்கல், சுண்ணாம்புக்கல் போன்ற படிவுப் பாறைகளில் கிடைப்பன. தமிழ்நாட்டின் பெரும்பகுதி சார்னோகைட், நைஸ் போன்ற மிகப் பழைய கடும்பாறைகளால் ஆனது. அவற்றுள் எலும்பையும் ஓட்டையும் தேடுவது கிணறில்லாத இடத்தில் ஏற்றம் போடுவதாகும். கல் கிடைத்த இடத்தை அறியாமல் கல்லை மட்டும் கொண்டுவந்தால் பாதிச் சான்று தொலைந்தது.

இரண்டாம் கேள்வி: ஒழுங்கு உண்டா? உயிரின் உடல் ஒரு விதிப்படி வளர்கிறது. சிப்பி ஓட்டின் வரிகள் ஒரே மையத்திலிருந்து ஒழுங்காக விரியும். அம்மோனைட்டின் சுருள் சீராக அகன்றுகொண்டே செல்லும். மேலோடு தேய்ந்த அம்மோனைட்டில் உள்ளறைகளின் சுவர் ஓட்டைத் தொட்ட இடங்கள் நெளிநெளியான கோடுகளாய்த் தெரியும். அக்கோட்டைக் கல் தானாக வரைவதில்லை. நேபாளத்துக் கண்டகி ஆற்றில் கிடைத்து வழிபடப்படும் சாளக்கிராமத்தில் காணும் சக்கரமும் இவ்வகை அம்மோனைட்டின் சுவடே.

மூன்றாம் கேள்வி: உள்ளே என்ன இருக்கிறது? இதுவே தலையான கேள்வி. தோற்றம் மேற்பரப்போடு நிற்கிறதா, உள்ளும் தொடர்கிறதா என்று உடைந்த முகத்தில் பார்க்கவேண்டும். இதற்காக நல்ல கல்லை உடைத்துவிடாதீர்கள். ஏற்கெனவே உடைந்த துண்டு அருகிலேயே கிடக்கும். எலும்பாயின் வெளிப்புறம் இறுகியும், உட்புறம் பஞ்சு போன்ற நுண்ணறைகளோடும் இருக்கும். கல்மரமாயின் குறுக்கே வளையங்களும், நெடுக்கே நாரோட்டமும் ஒருங்கே தெரியும். முட்டையாயின் சில மில்லிமீட்டர் கனமுள்ள ஓடு ஒன்று, உள்ளிருக்கும் கல்லினின்று வேறாய், ஏறத்தாழ ஒரே கனத்தில் சுற்றிலும் அமைந்திருக்கும். உருப்பெருக்கியில் மூச்சுத் துளைகளும் தெரியும். திரண்ட உருண்டையிலோ ஓடு இராது. வெங்காயம் போல் அடுக்கடுக்காகவோ, முழுவதும் ஒரே பொருளாகவோ இருக்கும்.

நான்காம் கேள்வி: துணை உண்டா? உயிர்கள் தனித்து வாழ்வதில்லை. ஒரு சிப்பி கிடைத்த அடுக்கில் பத்துச் சிப்பிகள் கிடைக்கும். ஒற்றைப் "பாதம்" சான்றாகாது. இடமும் வலமுமாய் மாறி மாறி, சீரான இடைவெளியில் தொடர்ந்து சென்றால்தான் நடந்த தடம். மத்தியப் பிரதேசத்தின் நருமதைப் பள்ளத்தாக்கில் டைனோசர் முட்டைகள் கூடு கூடாகக் கிடைத்துள்ளன. 2023இல் வெளியான ஆய்வு ஒன்று தார் மாவட்டத்தில் 92 கூடுகளையும் 256 முட்டைகளையும் கணக்கிட்டது. முட்டைகளின் குறுக்களவு பெரும்பாலும் 15 முதல் 17 சென்டிமீட்டர் வரை. இவ்வாறு அளவு ஒத்து, கூட்டமாய் அமைவது ஒரு சான்று. ஒன்று எலுமிச்சையளவும் மற்றொன்று ஆட்டுரல் அளவுமாய்க் கண்டபடி கிடப்பது திரண்ட உருண்டைகளின் இயல்பு.

ஐந்தாம் கேள்வி: வேறு காரணம் கூற முடியுமா? நீரால், வெப்பத்தால், வெடிப்பால், துருவால் இவ்வடிவம் உண்டாகியிருக்க முடியுமானால், அதை விலக்கிய பின்னரே உயிர் என்று கூறவேண்டும். தான் விரும்பும் விடைக்கு எதிரான சான்றைத் தானே தேடுவதுதான் அறிவியலின் ஒழுக்கம்.

எலும்புக்கல் நாக்கில் ஒட்டும் என்று சிலர் கூறுவர். நுண்துளையுள்ள எலும்பு ஒட்டுவது உண்மையே. காய்ந்த களிமண்ணும் ஒட்டும். எலுமிச்சைச் சாறு விட்டால் நுரைக்கும் என்பர். சுண்ணாம்பு இருப்பதை அது காட்டும்; உயிர் இருந்ததைக் காட்டாது. ஒரு சோதனையை மட்டும் நம்பித் தீர்ப்புக் கூறவேண்டா.

எம் பள்ளியில் ஒருமுறை சுரங்கத் தொழிலாளி ஒருவரின் மகள் இலைக்கோலம் உள்ள கல் ஒன்றைத் துணியில் பொதிந்து கொண்டுவந்தாள். அவளுடைய தம்பியின் கையில் விளையாட்டுப் பொருளாகத் துப்பாக்கித் தோட்டா போன்ற கல் ஒன்று இருந்தது. கேள்விகளை ஒவ்வொன்றாய்க் கேட்கச் சொன்னோம். இலையில் நரம்பு இல்லை என்று அவளே கண்டாள். தோட்டாக்கல்லின் உடைந்த முகத்தில் நடுப்புள்ளியிலிருந்து ஆரங்கள் சக்கரம் போல் விரிவதையும், அவற்றின் குறுக்கே மெல்லிய வளையங்கள் இருப்பதையும் அவளே காட்டினாள். கணவாய் மீனின் இனத்தைச் சார்ந்த பெலம்னைட் என்னும் கடலுயிரின் உட்கூட்டுப் பகுதி அது. காரைப் பகுதியில் நிறையக் கிடைப்பது. துணியில் பொதிந்தது வெறுங்கல்லாகவும், தெருவில் உருண்டது கோடி ஆண்டு உயிராகவும் ஆயிற்று. அன்று அக்குழந்தை அடைந்த மகிழ்ச்சியை எந்த மதிப்பெண்ணாலும் அளக்க இயலாது.

படித்தவர் ஏமாந்ததும் ஏழை கண்டறிந்ததும்

பட்டம் பெற்றவர் ஏமாற மாட்டார் என்று நினைக்கவேண்டா. ஜெர்மனியில் வூர்ஸ்பர்க் பல்கலைக்கழகத்தில் பெரிங்கர் என்ற மருத்துவப் பேராசிரியர் இருந்தார். தவளை, பல்லி, வலையோடு கூடிய சிலந்தி, சூரியன், வால்வெள்ளி, எபிரேய எழுத்து ஆகியவை பதிந்த கற்கள் அவருக்குக் கிடைத்தன. 1726இல் படங்களோடு பெருநூல் ஒன்று வெளியிட்டார். அவர்மேல் காழ்ப்புக் கொண்ட உடன் பணியாளர் இருவர் செதுக்கச் செய்து மலையில் போடுவித்த கற்களே அவை என்பது பின்னர் வெளிப்பட்டது. செதுக்கிய உளியின் சுவடு போல் இருக்கிறதே என்னும் ஐயம் அவருடைய நூலிலேயே இடம்பெற்றது. ஐயம் எழுந்தும் அதன் வழியே செல்ல அவருக்கு மனம் வரவில்லை.

இதற்கு நேர்மாறான வாழ்வு ஒன்று உண்டு. இங்கிலாந்தின் லைம் ரீஜிஸ் என்ற கடற்கரை ஊரில் 1799இல் மேரி ஆனிங் பிறந்தார். தந்தை மரவேலைத் தச்சர். அவர் 1810இல் கடனோடு இறந்தபின், குடும்பம் கடற்பாறையில் சங்கும் சிப்பியும் பொறுக்கிப் பயணிகளுக்கு விற்று உயிர் வாழ்ந்தது. அரசுச் சமயத்தைச் சேராத குடும்பம். ஞாயிற்றுக்கிழமைப் பள்ளிக்கு மேல் கல்வி இல்லை. 1811–12இல் அண்ணன் மண்டையோட்டைக் காண, 12 வயதுச் சிறுமியான மேரி இக்தியோசார் என்னும் கடல் ஊர்வனவின் எஞ்சிய எலும்புக்கூட்டைக் கண்டார்.

1823இல் நீண்ட கழுத்துடைய பிளிசியோசாரின் எலும்புக்கூட்டை அவர் முழுமையாக எடுத்தபோது, பாரிசில் பெரும்புகழ் பெற்றிருந்த குவியே என்பார் கழுத்தின் நீளத்தைக் கண்டு இது போலி ஒட்டாக இருக்கலாம் என்று ஐயுற்றார். மேரியின் பிழைப்பும் பெயரும் அந்த ஒரு சொல்லில் தொங்கின. 1824இல் இலண்டன் நிலவியல் கழகத்தில் ஆராய்ந்து பார்த்தனர். எலும்புக்கூடு மெய்யானது என்று உறுதியாயிற்று. அக்கூட்டத்தில் மேரிக்கு இடம் இல்லை. அக்கழகம் 1919 வரை பெண்களை உறுப்பினராக ஏற்கவே இல்லை.

அவரே செய்த மற்றொரு சோதனையைக் கேளுங்கள். அக்கடற்கரையில் உருண்டை திரண்ட கற்கள் கிடைத்தன. அவற்றை வேறு ஏதோ பொருள் என்று பலர் எண்ணியிருந்தனர். அக்கற்கள் இக்தியோசாரின் வயிற்றுப் பகுதியில் அமைந்திருப்பதை மேரி கவனித்தார். உடைத்துப் பார்த்தார். உள்ளே மீன் எலும்பும் செதிலும் இருந்தன. எங்கே கிடைத்தது, உள்ளே என்ன என்னும் இரு கேள்விகளும் அவரை உண்மைக்குக் கொண்டு சேர்த்தன. அது கல்லான சாணம். 1829இல் பக்லண்டு என்ற பேராசிரியர் அதற்கு அறிவியற் பெயர் சூட்டினார். நூல்களில் பிறர் பெயர் வந்தது. 1847இல் மேரி மறைந்தார். இன்று அவர் பெயரை உலகம் கூறுகிறது.

பிறப்பையும் உடையையும் தெருவையும் பார்த்து ஆளை அளக்கும் வழக்கத்தின் சுமையைத் தலைமுறை தலைமுறையாய்ச் சுமந்தவர்கள் நாம். தோற்றத்தைச் சான்றாகக் கொள்வது எத்துணைத் தீங்கு என்பதை நமக்குப் பிறர் கற்பிக்க வேண்டியதில்லை. ஆகவே, கல்லைப் பற்றிய சிறு செய்தியிலும் அவ்வழக்கத்தை நாம் பின்பற்றலாகாது.

தொலைந்த சான்று

நம் வாயிற்படியில் நிகழ்ந்ததையும் கூறவேண்டும். அரியலூர் மாவட்டம் கல்லமேட்டில் மிகப் பெரிய எலும்புகள் சில கண்டெடுக்கப்பட்டு, 1980களின் இறுதியில் யாதகிரி, அய்யாசாமி என்னும் இரு நிலவியலாளர்களால் பிருகத்காயோசாரஸ் என்ற பெயரில் விவரிக்கப்பட்டன. காலெலும்பு ஒன்றின் நீளம் மட்டும் 2 மீட்டர். உலகில் வாழ்ந்த நிலவிலங்குகளுள் மிகப் பெரியவற்றுள் ஒன்றாக இருக்கக்கூடும் என்று கருதப்பட்டது. ஆனால் எலும்புகள் மிகவும் நொறுங்கும் தன்மையுடையனவாக இருந்து பின்னர் சிதைந்துபோயின. கையில் பொருள் இல்லாமற் போகவே, அவை எலும்பே அல்ல, கல்மரமாக இருக்கலாம் என்ற ஐயமும் எழுந்தது. 2022இல் அகழ்வின் பழைய ஒளிப்படங்கள் வெளியிடப்பட்ட பிறகே, எலும்பு என்னும் கருத்து வலுப்பெற்றது.

இதிலிருந்து நாம் கற்பது யாது? மெய்யான பொருளும் காக்கப்படாவிட்டால் ஐயத்திற்கு இடமாகிவிடும். ஓர் ஒளிப்படம் முப்பது ஆண்டு கழித்துச் சான்று கூறும். இன்று நம் ஒவ்வொரு வீட்டிலும் ஒளிப்படம் எடுக்கும் கைப்பேசி இருக்கிறது. பொய்ச் செய்தியைப் பரப்பும் அதே கருவி, மெய்ச் சான்றைக் காக்கவும் வல்லது.

காத்ததால் நிலைத்தவற்றையும் பாருங்கள். ஆலத்தூர் வட்டம் சாத்தனூரில் 18 மீட்டர் நீளமுள்ள கல்மரம் கிடக்கிறது. 1940இல் இந்தியப் புவியியல் ஆய்வுத் துறையைச் சேர்ந்த எம். எஸ். கிருஷ்ணன் அதனைக் கண்டறிந்தார். விழுப்புரம் மாவட்டம் திருவக்கரையில் சுமார் 2 கோடி ஆண்டுகளுக்கு முந்தைய கல்மரங்கள் நிறைந்த பூங்கா உண்டு. அங்குள்ள அடிமரங்களில் வேரும் கிளையும் இல்லை. அவை வளர்ந்த இடம் அதுவன்று, ஆற்று வெள்ளம் அடித்துக்கொண்டு வந்து சேர்த்தது என்பதை அந்த இல்லாமையே கூறுகிறது. இருப்பதைப் போலவே இல்லாததும் சான்றாகும். வாரணவாசியில் அமைந்துள்ள புதைபடிவ அருங்காட்சியகத்தில் நம் மண்ணின் படிவங்களைக் காணலாம். குழந்தைகளை அழைத்துச் சென்று காட்டுங்கள்.

நாம் செய்யவேண்டுவன

ஐயத்திற்குரிய கல் ஒன்றைக் கண்டால் உடனே பெயர்க்காதீர்கள். அருகில் ஓர் அளவுகோலையோ, எழுதுகோலையோ வைத்து, கிடந்த நிலையிலேயே படம் எடுங்கள். இடத்தையும், பாறையின் வகையையும், நாளையும் எழுதுங்கள். ஐந்து கேள்விகளுக்கும் விடை எழுதிப் பள்ளி ஆசிரியரிடமோ, அருங்காட்சியகத்திலோ, புவியியல் ஆய்வுத் துறையிடமோ காட்டுங்கள். காக்கப்பட்ட இடங்களிலிருந்து ஒரு துண்டையும் எடுக்காதீர்கள். வெட்டுக்குழியின் செங்குத்தான கரையிலும், வெடி வைக்கும் சுரங்கத்திலும் தேடிச் செல்லாதீர்கள். எந்தக் கல்லும் உயிருக்கு ஈடாகாது. விலை பேசி முன்பணம் கேட்பவன் எவனாயினும் ஊர்ப் பெரியோரிடமும் காவல் நிலையத்திலும் தெரிவியுங்கள்.

சங்கத்திற்கும் ஒரு வேண்டுகோள். நம் மாலைநேரப் படிப்பகத்தில் ஒரு மரப்பெட்டி வையுங்கள். ஒரு பக்கம் மெய்ப் படிவம், மறுபக்கம் அதை ஒத்த போலி. சிப்பியும் சுக்கான் கல்லும், கல்மரமும் நிறப்பட்டைக் கல்லும் இணையிணையாய் இருக்கட்டும். பத்து ரூபாய்ப் பாடநூல் கற்பிக்காததை அப்பெட்டி கற்பிக்கும். பள்ளி இறுதி முடிக்கும் மாணவர்களே! கல்லூரிகளில் ஜியாலஜி என்று வழங்கும் நிலவியல் படிப்பை நீங்கள் எண்ணிப் பார்க்கவேண்டும். முதுகலை வரை பயின்றால், மத்திய அரசுப் பணியாளர் தேர்வாணையம் நடத்தும் ஒருங்கிணைந்த புவி அறிவியலாளர் தேர்வை எழுதலாம். தந்தையார் கூலிக்கு உடைத்த பாறையை மகன் அலுவலராய் நின்று ஆராய்வதும், தாய் சுமந்த கல்லை மகள் நூலில் விவரிப்பதும் நடக்கக்கூடியனவே.

அடுத்த முறை இம்மாவட்டத்தில் ஒரு கண்டுபிடிப்பு நிகழும்போது, அதைப் பற்றிய நூலில் சுமந்தவராக மட்டுமன்றி, கண்டவராகவும் சோதித்தவராகவும் எழுதியவராகவும் நம் பிள்ளைகளின் பெயர் இருக்கவேண்டும். அதற்குரிய மண்ணும் கல்லும் நம் காலடியில் கிடக்கின்றன. கேள்வி கேட்கும் பழக்கத்தை நாம் கொண்டுவருவோம்.